கருகாத கருப்பு

"எப்படி இருக்கு?" என்பான் என் தம்பி மலக்கி.

"நல்லா இருக்கு" என்பேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்டா."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அவன் வீட்டிலேயே காய்ச்சும் ஸ்டவுட் என்கிற கருப்பு பீரைக் குடித்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். தபால்காரர் கோர்மக் சொன்னார். மாட்டு டாக்டர் சொன்னார். பாதிரியார் ரெண்டு வாய் குடித்துவிட்டு, "மிச்சத்த ஜெபம் முடிச்சுட்டு நிதானமா குடிக்கறேன்" என்று கிளாஸோடு எடுத்துக்கொண்டு போனார். கிளாஸ் மட்டும் மறுநாள் கழுவித் திரும்பி வந்தது. எங்கள் கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஒருவர் தன் கையால் செய்து கொடுத்ததை அவர் முகத்துக்கு நேரே மோசம் என்று சொல்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. நான் என் பங்கை ஜன்னலோர ஜெரேனியத் தொட்டியில் ஊற்றிவந்தேன். செடி பட்டுப்போனது. பனியடித்துவிட்டது என்று மலக்கி வருத்தப்பட்டான்.

அப்புறம் டிம்ப்னா வந்தாள்.

லிமெரிக்கில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய் ஆறு வருஷம். எங்கள் வீட்டுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய வாத்தியார் வீட்டை அக்டோபரிலிருந்து மே கடைசி வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தாள். வந்த வாரமே ஆப்பிள் பை ஒன்று செய்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மலக்கிக்கு வாயெல்லாம் பல். பாட்டிலைத் திறந்தான், கிளாஸைச் சாய்த்து ஊற்றினான், நுரை அடங்கும்வரை காத்திருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றி அவள் முன்னால் வைத்தான்.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"கருகியிருக்கு" என்றாள்.

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை உதைத்தேன். அது மலக்கியின் கால்.

"என்னது?" என்றான் அவன், காலைத் தடவிக்கொண்டே.

"கருகியிருக்குங்க. அடுப்புச் சாம்பல் தட்ட நக்கின மாதிரி. கோவிச்சுக்காதீங்க. நுரை ரொம்ப அழகா இருக்கு."

அவள் போனபிறகு அவன் அந்தக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"அந்தம்மாவுக்கு நாக்கு சரியில்ல" என்றான் கடைசியில்.

"இருக்கும்டா."

"நீ சொல்லுக்கா. கருகியா இருக்கு?"

நான் ஜெரேனியத் தொட்டியைப் பார்த்தேன். "கொஞ்சம்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா, கொஞ்சம்."

இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அறுபத்தாறு வயசு, கல்யாணம் ஆகாதவன், கோபம் வந்தால் இப்போதும் எட்டு வயசுதான். மூன்றாம் நாள் தலைவாரிக்கொண்டு சந்துக்கு அந்தப் பக்கம் போனான். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டிம்ப்னா மதிலோரம் நின்றாள். எங்கள் சந்தில் பேசினால் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

"எது கருகியிருக்கு?" என்றான், எடுத்த எடுப்பில்.

"எப்படிப் பண்றீங்கன்னு முதல்ல சொல்லுங்க."

"வறுத்த கருப்பு பார்லிய காப்பிக்கொட்ட மிஷின்ல மாவா அரைப்பேன். மத்த தானியத்தோட சேத்துப் பைல கட்டி வெந்நீர்ல ஒரு மணி நேரம் போடுவேன். அப்புறம் மேல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, பைய முறுக்கிப் பிழிவேன். ஒரு சொட்டு விட மாட்டேன்."

"டீயும் இப்படித்தான் போடுவீங்களோ?"

"டீ காலைலேருந்து அடுப்போரத்துல கொதிச்சுட்டே இருக்கும். எங்க அம்மா அப்படித்தான் போடுவாங்க."

"எல்லார் அம்மாவும் அப்படித்தான் போட்டாங்க மலக்கி. டீக்குப் பால் இருக்கு, சர்க்கரை இருக்கு, குடிச்சுடலாம். இதுக்கு என்ன இருக்கு?"

அவன் வாரிய தலையைச் சொறிந்தான்.

"அந்தக் கருப்பு பார்லி முன்னாடியே வெந்தது. வறுத்தவன் முக்கால் வேலைய முடிச்சுட்டான். நீங்க அத மறுபடியும் வேக வைக்கறீங்க. உடைச்சா போதும், மாவாக்க வேணாம். தனியா பச்சத் தண்ணில ஒரு ராத்திரி ஊறட்டும். காலைல வடிகட்டி, அந்தக் கருப்புத் தண்ணிய மட்டும், மத்தது கொதிக்கறப்ப கடைசிப் பத்து நிமிஷத்துல சேத்துடுங்க. பிழியாதீங்க. வந்தது வரட்டும், மிச்சம் போகட்டும்."

"வீணாப் போகுமே."

"போகட்டும்."

"நீங்க எத்தன வருஷமா பீர் காய்ச்சறீங்க?"

"ஒரு நாளும் காய்ச்சினதில்ல. முப்பது வருஷம் நானூறு பேருக்கு கிரேவி காய்ச்சியிருக்கேன்."

அன்றிரவு என் நீலக் கூஜாவில் கருப்பு பார்லி ஊறியது. காலையில் என் தலையணை உறை ஒன்று வடிகட்டியாகப் போனது. வழவழப்புக்காக ஓட்ஸும் சேர்க்கச் சொல்லியிருந்தாள். அதையும் சேர்த்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். பிறகு வழக்கம்போல ஈஸ்ட் போட்ட வாளியைக் கொண்டுபோய் வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரியில், என் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே வைத்தான். எங்கள் ஊரில் உலராத சாக்ஸ், உப்பாத ரொட்டி மாவு, புதிதாக முட்டை உடைத்து வந்த கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் அந்த அலமாரிதான் கதி. இரண்டாம் நாள் மூடி பறந்து, என் விரிப்பு, துணி எல்லாம் புளித்த நுரையில் நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நான் சிலுவையைப் பார்த்தேன்.

டிம்ப்னா வந்து அலமாரியைத் திறந்தாள்.

"இது என்ன பச்சக் குழந்தையா, போத்தி வைக்க? இந்தச் சூட்டுல ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். அதுக்குக் குளிர்ச்சியா, நிதானமா ஒரு இடம் வேணும்."

"எங்க வீட்ல அப்படி இடம் ஏது?"

"எங்க வீட்டு வடக்கு ரூம் சும்மாதான் கிடக்கு."

அப்படித்தான் வாளி சந்து தாண்டியது. வாளிக்குப் பின்னால் என் தம்பி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

"எங்கடா கிளம்பிட்ட?"

"மூடில குமிழி வருதான்னு பாக்கணும்."

"காலைலதானே பாத்த?"

"காலைல நிமிஷத்துக்கு எட்டு வந்துது. இப்ப எத்தனன்னு தெரிய வேணாமா?"

ஒரு நிமிஷத்துக் குமிழியை எண்ண அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

டிசம்பரில் முதல் கிளாஸ். அவள் குடித்தாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கருகல் பாதி போச்சு" என்றாள். "ஆனா நாக்கு ஓரத்துல ஒரு கூர் இருக்கு. அது உங்க தப்பில்ல, தண்ணி. இது சதுப்பு நிலத்துத் தண்ணி, சுண்ணாம்புச் சத்தே இல்ல. கருப்பு தானியத்தோட புளிப்ப இதால தாங்க முடியல. எங்க அண்ணன் வீட்டுக் கிணறு சுண்ணாம்புப் பாறைல இருக்கு. கெட்டில் அடில வெள்ளையாப் படியும். அந்தத் தண்ணிதான் இதுக்குச் சரி."

அண்ணன் வீடு கொரோஃபின் பக்கம். சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் காரில் நாலு கேன் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்குத் திரும்பினார்கள்.

"நாலு கேன் தண்ணி எடுக்க எட்டு மணி நேரமா?"

"கிணறு ஆழம் அக்கா" என்றான் மலக்கி. காதுமடல் சிவந்திருந்தது.

ஒருநாள் நான் பாத்திரம் கழுவ, அவன் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான்.

"அக்கா, மே மாசம் அவங்க வாடகை முடியுது."

"தெரியும்."

"கால்வே ஊர்ல இருக்கற மக வீட்டுக்குக் கூப்பிடறாங்களாம்."

"அதுவும் தெரியும்."

"போக வேணாம்னு கேக்கலாம்னு இருக்கேன். எங்கூடவே இருக்கச் சொல்லி. முறைப்படி, கோயில்ல வச்சு."

என் கையிலிருந்த கோப்பையில் சோப்பு நுரை இருந்தது. அதை மறுபடி கழுவினேன்.

"எப்பக் கேக்கப் போற?"

"கருகல்னு அவங்க சொல்லாத அன்னிக்கு. கருகின பீர் காய்ச்சறவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"நல்லதுடா" என்றேன். அவன் ஸ்டவுட்டை இரண்டு வருஷம் எந்தக் குரலில் நல்லா இருக்கு என்றேனோ, அதே குரலில்.

இரண்டாவது தடவை காய்ச்சியது பிப்ரவரியில் பதமானது. அவள் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள்.

"பிழிஞ்சீங்களா?"

"இல்ல."

"மலக்கி."

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"முறுக்கி."

"ஏன்?"

"வீணாப் போகுதேன்னு மனசு கேக்கல."

"அந்த முறுக்கல்தான் தொண்டைல நிக்குது" என்றாள் அவள். ஆனால் கிளாஸைக் காலி செய்தாள். அவன் மூஞ்சியைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த தடவை தலையணை உறையை வாளி மேல் கட்டித் தொங்கவிட்டபோது, "கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கோடா" என்றேன். கட்டிக்கொண்டுதான் நின்றான். சொட்டுச் சொட்டாகக் கருப்புத் தண்ணீர் இறங்க, அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

மூன்றாவது, ஏப்ரல் கடைசியில். அதற்குள் நாலாவதும் வடக்கு அறை வாளியில் ஏறிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையோடு மலக்கி ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அங்கே நடந்ததை அவனும் சொன்னான், பின்னால் அவளும் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போயின.

அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"என்ன?"

"இருங்க."

பாதிக் கிளாஸ் ஆனது.

"வறுத்த மணம் இருக்கு. ரொட்டி ஓரம் மாதிரி. கருகல் இல்ல. வழுக்கிட்டுப் போகுது."

"எங்கயும் இல்லியா?"

"எங்கயும் இல்ல மலக்கி."

"அப்ப நீங்க கால்வே போக வேணாம். எங்கூட இருந்துடுங்களேன். கல்யாணம் பண்ணிக்கிட்டு."

"ஐயோ, வேணாம் வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் அவள்.

அவன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"வேணாம்னுட்டாங்க" என்றான் என்னிடம்.

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் மற்றதெல்லாம் பொய். இனி அடுப்படி என்னுடையது, தம்பி என்னுடையவன், எதுவும் மாறாது என்று ஒரு நிம்மதி. அடுத்த நொடியே கேட்கவும் கேட்டேன்.

"எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ."

"ஒரே தடவையா?"

"வேணாம்னாங்களே."

"நம்ம ஊர்ல கேக் வேணுமான்னு கேட்டா என்னடா சொல்லுவோம்?"

"வேணாம்னு."

"ரெண்டாவது தடவ?"

"வேணவே வேணாம்னு."

"மூணாவது தடவ?"

"சரி, ஒரு துண்டு போதும்னு. அது நம்ம வழக்கம்க்கா. இவங்க அப்படி இல்ல. வந்த வாரமே மூஞ்சிக்கு நேரா கருகலுன்னு சொன்னவங்க. அவங்க வேணாம்னா வேணாம்தான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மேற்கொண்டு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

மூன்று நாள் அப்படியே இருந்தேன். மலக்கி சாப்பிட்டான், மாட்டைப் பார்த்தான், செய்தி கேட்டான். குமிழி எண்ணப் போகவில்லை. நாலாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது, "மாட்டப் பாத்துட்டுப் போய் வாளிய எடுத்துட்டு வந்துடறேன். அவங்க சாமான் கட்டணும், இடைஞ்சலா இருக்கும்" என்றான். அதைச் சொல்லும்போது என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் சேர்த்துத் தோல் உரித்து வைத்தான். சின்ன வயதில் எனக்குக் கையில் அடிபட்டபோது அப்படிச் செய்தவன். நான் கோட்டை மாட்டிக்கொண்டு சந்து தாண்டிப் போனேன்.

டிம்ப்னாவின் அடுக்களையில் அட்டைப் பெட்டிகள் பாதி நிரம்பியிருந்தன.

"டீ குடிக்கிறீங்களா அக்கா?"

"வேணாம்."

"ஒரு வாய்?"

"வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

"நான் எப்படியும் போடறேன்."

"அப்ப அரைக் கோப்ப கொடு" என்று உட்கார்ந்தேன். "அவன் கேட்டானாமே."

"கேட்டார்" என்றாள், கெட்டிலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டே. "ஒரு தடவ. கேட்டுட்டு ஓடிட்டார். உருளைக்கிழங்கு இன்னொண்ணு வேணுமான்னு கேட்டாக்கூட மூணு தடவ கேப்பார் அந்த மனுஷன். கேட்டதுக்கே வருத்தப்படறார்போலன்னு நினைச்சேன்."

"முதல் வாய் பீர்ல கருகல்னு பட்டுனு சொன்ன பொம்பள நீ. சரிங்கறத முதல் தடவயே சொல்ல என்ன?"

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். திரும்பவில்லை.

"பீர்கிட்ட எனக்கு என்னக்கா பயம்" என்றாள்.

அப்போதுதான் மலக்கி வந்தான். கதவைத் தட்டாமல், யாரையும் பார்க்காமல், நேராக வடக்கு அறைக்குள் போய் வாளியைக் கட்டிப் பிடித்தான்.

"அதத் தூக்காதீங்க" என்றாள் டிம்ப்னா, வாசலில் நின்று.

"எடுத்துட்டுப் போயிடறேன்."

"இப்பத் தூக்கினா அடி வண்டல் கலங்கிடும். இன்னும் பத்து நாள் அசையாம இருக்கணும்."

"நீங்கதான் போறீங்களே."

"முப்பத்தொண்ணாம் தேதிதான் போறேன். இன்னிக்கு என்ன தேதி?"

அவன் வாளியை விட்டான். என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். சேதி சுமக்க நான் தபால்காரி இல்லை.

"போகாம இருந்தா என்ன?" என்றான். குரல் வெளியே வரவில்லை, இருமிவிட்டு மறுபடி சொன்னான். "போகாம இருந்தா என்னங்க? எங்க வீட்ல இருக்கலாமே."

"வேணாம் மலக்கி" என்றாள் அவள். இந்தத் தடவை 'ஐயோ' இல்லை. "முதல்ல சொன்னது மரியாதைக்கு. இது அக்காவுக்காக."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் அந்த வீட்டுக்கு வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும்" என்றேன்.

"அக்கா."

"நல்லாத்தான் இருக்கும்."

அவள் காத்திருந்தாள். கெட்டில் கூவ ஆரம்பித்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளதைச் சொல்வது எத்தனை கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பயமா இருக்கும்" என்றேன். "என் புருஷன் போனப்புறம் அந்த அடுப்படிக்குத்தான் திரும்பி வந்தேன். எனக்கு எழுபத்துநாலு. இன்னொரு இடம் எனக்குத் தெரியாது. நீ நானூறு பேருக்குச் சமைச்சவ. ஒரே வாரத்துல என் டீப் பாத்திரத்தத் தூக்கி வெளிய எறிஞ்சுடுவ."

"ரெண்டே நாள்ல" என்றாள் அவள்.

நான் சிரித்துவிட்டேன். அவளும். மலக்கி மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத ஏன் நீ எங்கிட்ட சொல்லலக்கா?"

"நீ பூரிச்சுப்போய் நின்ன. எப்படிடா சொல்றது?"

"ரெண்டு வருஷம் பீரப் பத்தியும் இப்படித்தான்" என்றான். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவன்போல வடக்கு அறையைச் சுற்றிப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த சுவர், ஜன்னல், வாளி. ஜன்னலுக்கு வெளியே சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வாசல்.

"இந்த வீட்ட இன்னும் கொஞ்ச வருஷத்துக்குத் தருவாங்களா?" என்று அவளைக் கேட்டான்.

"போன வாரம்தான் வீட்டுக்காரர் இருந்துக்கங்கன்னு கெஞ்சினார். குளிர் காலத்துல இங்க யார் வருவா?"

"அப்ப நான் இங்க வந்துடட்டுமா?"

மூன்றாவது தடவை.

டிம்ப்னா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நரைத்த தலை, பித்தான் மாறிப் போட்ட ஸ்வெட்டர், கடைசியில் கால்.

"பூட்ஸ வாசல்ல விட்டுட்டு வரணும்" என்றாள்.

அவனும் குனிந்து பார்த்தான். கதவிலிருந்து வடக்கு அறைவரை சதுப்பு மண் வரிசையாகக் கால் தடமாகப் பதிந்திருந்தது. தான் வைத்த கால் தடத்திலேயே மறுபடி கால் வைத்து வைத்து, சுத்தமான இடம் எதையும் மிதிக்காமல், வாசலுக்குப் போனான். படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவன் விடாமல் இழுத்தான். டிம்ப்னா அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து வைத்துவிட்டுப் போய் அவன் முன்னால் குனிந்தாள்.

"இப்படி இழுக்காதீங்க, இன்னும் இறுகும். கைய எடுங்க."

அவன் கையை எடுத்தான். எனக்கு அங்கே வேலை இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் ஒதுங்கிக் கடந்து படி இறங்கினேன்.

"அக்கா, டீ?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"வேணாம்" என்றேன். "நிஜமாவே வேணாம்."